பாட்டனார் பெயரும் பாட்டியார் கல்லறையும்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இம்மாதத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்களில் சிலர், பூமாலையும் மெழுகுவர்த்தியும் கையில் இருக்க, அவற்றை எங்கே வைப்பதென்று அறியாமல் நிற்கிறார்கள். வேறு சிலர் ரெயூனியோன், குவாதலூப், மார்த்தினீக் என்னும் தூரத் தீவுகளிலிருந்து வந்து, பழைய காகிதம் ஒன்றை நீட்டி, "எங்கள் பாட்டனார் இவ்விடமிருந்து கப்பலேறினவராம், அவருடைய சொந்தக்காரர் யார்?" என்று கேட்கிறார்கள். இவ்விரு வகையாருக்கும் உதவும்படி, முன்னோரின் உறவையும் அடக்க ஸ்தலத்தையும் தேடும் முறையை இவ்வாரப் பாடமாக எழுதுகிறோம்.

இது வீண் ஆராய்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். அபிரகாம் தம் மனைவி சாறாளை அடக்கம் செய்ய நானூறு வெள்ளிச் சீக்கல் நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையை வாங்கினாரென்று ஆதியாகமம் சொல்லுகிறது. விலை, விற்றவன் பெயர், எல்லை, சாட்சிகள் எல்லாம் அதில் காணப்படுகின்றன. மத்தேயு சுவிசேஷமோ வம்ச வரிசையைக் கொண்டே தொடங்குகிறது. ஆகையால் முன்னோர் பெயரைக் காப்பதும் கல்லறையைப் பேணுவதும் நமக்குப் புதிய காரியமல்ல.

1. உயிரோடிருப்பவர்களை முதலில் கேளுங்கள்

ஏட்டைத் திறக்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். ஏடு இன்னும் நூறு வருஷம் இருக்கலாம். உங்கள் அப்பாயியும் அம்மாச்சியும் அடுத்த வருஷம் இருப்பார்களோ என்று சொல்ல யாராலும் கூடாது. அவர்களிடம், "நம் வம்சம் எது?" என்று மொத்தமாய்க் கேட்டால் பதில் வராது. யார் கலியாணத்துக்கு எந்த ஊர் போனீர்கள், யார் சாவுக்கு யார் கோடி கொண்டுவந்தார்கள், பிள்ளைக்கு ஞானத்தாய் ஞானத்தகப்பனாக நின்றவர் யார், துக்கத்துக்கு எந்தக் கோவில் மணி அடித்தது என்று கேளுங்கள். கோடி போட்டவர் தாய்மாமன் வழியாயிருப்பார்; அந்த ஒரு சொல்லே அடுத்த ஊருக்கு வழிகாட்டும்.

சொன்னதை அப்படியே எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஞாபகம் ஊரையும் உறவையும் நன்றாய்க் காக்கும். வருஷத்தை அவ்வளவாய்க் காக்காது. "பெரிய புயலுக்கு மறு வருஷம்" என்றால் அதைத் திருத்தாமல் எழுதி, பிறகு ஏட்டோடு ஒத்துப்பாருங்கள்.

கேள்விச் செய்தி எவ்வளவு தவறலாம் என்பதற்கு ஓர் உதாரணம். வீரமாமுனிவர் தமிழ் உலகம் அறிந்த மகா வித்துவான். அப்படியிருந்தும் அவர் இறந்த ஊரும் ஆண்டும் பழைய புத்தகங்களில் வேறு வேறாக எழுதப்பட்டு வந்தன. அவர் 1747-ம் ஆண்டு பெப்ருவரி 4-ந் தேதி மலையாள நாட்டு அம்பலக்காட்டில் இறந்தார் என்று நிலைப்பட்டது சேசு சபையின் ஏடுகளைக் கொண்டுதான். பெயர்பெற்ற குருவுக்கே இப்படியென்றால், நம் பாட்டன்மார் காரியத்தில் காதால் கேட்டதை ஏட்டால் சோதிப்பது அவசியமன்றோ?

2. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

தேடுகிறவர்கள் அதிகமாய்த் தடுமாறுவது பெயரில்தான். வீட்டில் ராயப்பன் என்றிருப்பவர் இலத்தீன் ஏட்டில் பேத்ருஸ், பிரெஞ்சு ஏட்டில் பியேர். சின்னப்பன் என்பவர் பவுலுஸ், பிரெஞ்சில் போல். அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப், சந்தியாகு யாக்கோபுஸ், இஞ்ஞாசி இக்னாத்சியுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், தேவசகாயம் லாசருஸ். இவ்வொற்றுமை தெரியாதவர், பாட்டனார் பெயர் முன்னே கிடந்தும் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

நம் நாட்டில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இருந்ததில்லை. தகப்பன் பெயர் முன்னே நிற்கும். பேரன் காலத்தில் அது மறைந்துபோகும். ஆனால் பிரெஞ்சு ஆட்சியில் 1881-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதியிட்ட சட்டம் ஒன்று வந்தது. அதன்படி தங்கள் சுயஜாதி வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள், தங்களுக்கும் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்து, நிலையான ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். இவர்களைத்தான் நம் ஊரில் ரெனோன்சான் என்கிறோம். அண்ணன் ஒரு பெயரும் தம்பி வேறு பெயரும் எடுத்திருக்கக் கூடும். ஒருவர் எழுதிக்கொடுத்து மற்றவர் எழுதிக்கொடாமலும் இருந்திருக்கலாம். ஆகையால், பெயர் வேறென்பதால் உறவில்லை என்றும், பெயர் ஒன்றென்பதால் உறவென்றும் தீர்மானிக்க வேண்டாம். தாய் தகப்பன் பெயர், ஊர், மனைவி பெயர் மூன்றும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

3. மேரியின் ஏடுகள்

காரைக்கால் 1739-ம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிறகும் கைமாறிக் கைமாறி, 1817-ல்தான் நிலையாகத் திரும்பியது. இடையிடையே ஏடுகள் தொடர்ச்சியாய்க் கிடைக்காவிட்டால் இதையும் ஒரு காரணமாக நினைவில் வையுங்கள்.

நமக்கு ஒரு பெரிய சகாயம் உண்டு. 1776-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் 16-ம் லூயி அரசன், கடல் கடந்த நாடுகளின் ஞானஸ்நான, விவாக, மரண ஏடுகளில் ஒரு பிரதியைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டுமென்று கட்டளையிட்டான். ஈரமும் செல்லும் இங்கே தின்றுவிட்ட பக்கம் அங்கே பத்திரமாயிருப்பதற்கு இதுவே ஆதாரம். அப்பிரதிகள் இப்போது எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரத்தில் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறாண்டு தாண்டின காரைக்கால் ஏடுகளில் பெரும்பகுதியைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாய்க் காட்டுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே திறந்து காட்டக்கூடும். அதற்குப் பிற்பட்ட காலத்தில் பிரெஞ்சுப் பிரஜைகளைப் பற்றிய பதிவுகளுக்கு, 1965-ல் ஏற்பட்ட நாந்த் நகரத்துக் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதவேண்டும்.

எத்தா சிவீல் என்னும் குடிமைப் பதிவு, 1880-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதிச் சட்டத்தால் இந்தியக் குடிகள் எல்லாருக்கும் உறுதிப்பட்டது. அதே ஆண்டில் கொம்யூன்களும் ஏற்பட்டன. காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, 'கிராந்த் ஆல்தே' என்றழைக்கப்பட்ட திருமலைராயன்பட்டினம் ஆகிய ஆறு மேரிகளில், உங்கள் பாட்டனார் குடியிருந்தது எதன் எல்லையில் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஏடு ஏடாய்ப் புரட்ட வேண்டியதில்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை எழுதப்பட்ட பெயர் அட்டவணை உண்டு. அதில் பெயரும் தேதியும் கிடைத்தால், அந்தத் தேதியின் பக்கத்துக்கு நேரே போகலாம்.

பிரெஞ்சு மரணப் பதிவில் இறந்தவர் வயது, தொழில், தாய் தகப்பன், மனைவி அல்லது புருஷன், வந்து சொன்ன சாட்சிகள் ஆகியோர் பெயர் காணப்படும். சாட்சிகளை அசட்டை செய்யாதீர்கள். அநேகமாய் அவர்கள் மைத்துனரோ அயல்வீட்டாரோ ஆவார்கள். ஆனால் எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பது அதில் எழுதப்படுவதில்லை. மரணப் பதிவு கிடைத்ததும் கல்லறையும் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

4. கோவில் ஏடுகள்

1563-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் விவாகங்களை ஏட்டில் பதியக் கட்டளையிட்டது. 1614-ல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், விவாகம், மரணம், ஆத்துமக் கணக்கு என்னும் ஐந்து ஏடுகளை எழுதும் முறையைக் காட்டியது. இன்றும் 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, அடக்கம் முடிந்ததும் மரண ஏட்டில் பதிவது விசாரணைக் குருவின் கடமை.

இலத்தீன் தெரியாதவர்களும் நான்கு சொல்லை அறிந்தால் போதும். 'பப்திசாத்துஸ்' என்றால் ஞானஸ்நானம் பெற்றவன். 'பத்ரீனுஸ்' என்றால் ஞானத்தகப்பன். 'ரெலிக்தா' என்றால் கைம்பெண். 'செபுல்த்துஸ்' என்றால் அடக்கம் செய்யப்பட்டவன். அதையடுத்து வரும் சொற்கள்தான் எந்தக் கல்லறைத் தோட்டம் என்று காட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. 1908-ம் ஆண்டு முதல், ஒருவர் எந்த ஊரில் மெய்விவாகம் செய்தாலும், அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்கு அனுப்பப்பட்டு, ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் குறிக்கப்படவேண்டும். ஆகையால் காணாமற்போன அத்தை எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்று அறிய, அவள் பிறந்த ஊர் ஏட்டின் ஓரத்தைப் பாருங்கள்.

எந்த மேற்றிராசனத்தில் தேடுவது என்பதும் ஒரு கேள்வி. காரைக்கால் புதுவை அதிமேற்றிராசனத்தைச் சேர்ந்தது. சுற்றிலுமுள்ள ஊர்களோ அப்படியல்ல. போர்த்துக்கல் அரசனின் பதுரவாதோ உரிமையின்கீழ் மயிலாப்பூரைச் சேர்ந்திருந்த தஞ்சை, நாகப்பட்டினப் பகுதிகள் 1952-ல் தஞ்சாவூர் மேற்றிராசனமாயின. கும்பகோணம் 1899-ல் புதுவையிலிருந்து பிரிந்தது. வடக்கே தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரருடையது. அங்கே லுத்தரன் சபையின் ஏடுகளும் தனியே உண்டு. நாலைந்து கல் தொலைவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பத்தின் சரித்திரம் மூன்று அரசு, மூன்று மேற்றிராசனக் கணக்கில் சிதறிக் கிடக்கிறது.

5. கப்பலேறினவர்கள்

இப்போது தீவுகளிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லுகிறோம். அடிமைத்தனம் 1848-ல் பிரெஞ்சு நாடுகளில் ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். 1853-ம் ஆண்டு மே மாதத்தில் 'ஒரேலி' என்னும் கப்பல் இந்தியக் கூலிகளோடு மார்த்தினீக் சேர்ந்தது. 1854-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் அதே கப்பல் குவாதலூப் சேர்ந்தது. 1861-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்த உடன்படிக்கைப்படி, ஆங்கில நாட்டுக் குடிகளையும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாய் ஏற்ற வழி திறந்தது. ரெயூனியோனுக்குப் போவது 1882-லும், குவாதலூப்புக்குப் போவது 1888-லும் ஆங்கில அரசாங்கத்தால் நிறுத்தப்பட்டது. அதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேரும், மார்த்தினீக்குக்குச் சுமார் 25,500 பேரும் போய்ச் சேர்ந்தார்கள்.

இதிலிருந்து இரண்டு பாடம். முதலாவது, காரைக்காலில் கப்பலேறினவர் எல்லாரும் காரைக்காலார் அல்லர். தஞ்சை ஜில்லாவிலும் அதற்கப்பாலும் இருந்து, தரகர் பேச்சைக் கேட்டு, பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர் ஏராளம். ஆகையால் துறைமுகத்தின் பெயரோடு நில்லாமல், அந்தத் தீவில் எழுதப்பட்ட குடியேறினோர் பதிவேட்டில் நம்பர், கப்பல், தகப்பன் பெயர், கிராமம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். கிராமத்தின் பெயரைப் பிரெஞ்சுக் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள். அதை ஊர்ப் பெரியவரிடம் உரக்க வாசித்துக் காட்டினால், பார்த்துத் தெரியாதது கேட்டுத் தெரியும்.

இரண்டாவது, அங்கே இன்று குடும்பப் பெயராயிருப்பது இங்கே ஒரு தனி மனிதனின் பெயர். சிதம்பரம் என்பது சிதம்பரோம் ஆயிற்று; முத்துசாமி மூத்துசாமி ஆயிற்று; வைத்தியலிங்கம் வைத்திலிங்கோன் ஆயிற்று. ஆகையால் இங்கே சிதம்பரம் என்ற பெயருள்ள வீட்டைத் தேடி உறவு கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

காகிதம் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஆன்றி சிதம்பரோமின் வழக்கே சாட்சி. அவர் 1863-ல் குவாதலூப்பில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அத்தீவில் பிறந்த இந்தியர் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிகளா, அவர்களுக்கு ஓட்டுரிமை உண்டா என்ற கேள்வி 1904-ல் எழுந்தது. அவர் விடாமல் போராடி, 1923-ல்தான் அவ்வுரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. யார் யாருடைய பிள்ளை, எங்கே பிறந்தான் என்பது அவர்களுக்குக் குலப்பெருமையல்ல. மனிதராய் எண்ணப்படுவதற்கான வழி.

நம் ஊரிலும் அதுபோலவே நடந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறி, 1962 ஆகஸ்டு 16-ந் தேதி உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுப் பிரஜையாக இருக்க விரும்பியவர் எழுதிக்கொடுக்கவேண்டியிருந்தது. எழுதிக்கொடுத்த அண்ணன் பிரெஞ்சுக்காரர். கொடாத தம்பி இந்தியர். ஒரே கல்லறையில் தாயையும் தகப்பனையும் வைத்த பிள்ளைகள் இரண்டு தேசத்தாராய்ப் பிரிந்தார்கள்.

சொல்தாவாகப் போய்த் திரும்பாதவர்களைத் தேடுவோர், 1914 முதல் 1918 வரை நடந்த மகா யுத்தத்தில் பிரான்சுக்காக உயிர்விட்ட 13 லட்சத்துக்கு மேற்பட்டோரின் சீட்டுகளை அந்நாட்டுப் பாதுகாப்பு இலாகா வெளியிட்டிருப்பதையும் அறிந்துகொள்வது நலம்.

6. கல்லறை

நம் கல்லறைத் தோட்டங்களில் கல் எழுப்பக் கூடியவர் சிலர். மண் மேடும் மரச் சிலுவையுமாய் விட்டவர் பலர். மரச்சிலுவை சில மழைக்காலம் தாங்கும். பிறகு அவ்விடத்திலேயே இன்னொருவரை அடக்குவார்கள். கல்லும் கடற்காற்றின் உப்பால் எழுத்து உதிர்ந்துபோகிறது. ஆகவே, மரண ஏட்டில் தோட்டத்தின் பெயர் கிடைத்தாலும், குறிப்பிட்ட குழி கிடைப்பது அபூர்வம்.

தேடும் முறை இது. சாய்ந்த வெயிலில், காலையிலோ மாலையிலோ போனால், மங்கின எழுத்து நிழலால் தெரியும். கல்லைச் சுரண்ட வேண்டாம். சுண்ணாம்பு பூசவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து, மெல்லிய துணியால் துடைத்துப் படமெடுங்கள். அக்கம்பக்கத்துக் கல்லறைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். உறவினர் அருகருகே கிடப்பது வழக்கம்.

தோட்டத்தின் எந்தப் பக்கம் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. இதைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது; சொல்லாமலிருப்பதோ பொய்யாகும். ஜாதி வேற்றுமை கோவிலுக்குள்ளும் புகுந்திருந்தது. புதுச்சேரிக் கோவிலுக்குள் எழுப்பப்பட்ட நடுச்சுவர் 1745-ல் எடுக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் சுவரைப் பற்றி நம் காலத்திலும் வாதாடினார்கள். ஆகையால் பாட்டனாரைத் தேடுகிறவர் சுவரின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடக்கூடாது. மறுபக்கத்தில் அவர் கிடக்கக் கண்டால் முகம் சுளிக்கவும் கூடாது. அப்படிச் சுளிப்பவர் தேடினது பாட்டனாரையல்ல, தம் பெருமையையே.

7. ஏட்டுக்குச் செய்யவேண்டிய மரியாதை

தேடுகிறவர் எதைக் கண்டாலும் ஏற்க ஆயத்தமாயிருக்கவேண்டும். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை, இரண்டாம் தாரம், வேறு ஜாதி, வேறு மதம் எல்லாம் ஏட்டில் வரும். சேசுநாதருடைய வம்ச வரிசையிலே தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரை மத்தேயு மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டாம். ஆனால் கண்டதைத் தெருவில் சொல்லித் திரியவும் வேண்டாம். பிறர் குடும்பத்து ஏட்டைக் காட்டச் சொல்லி யாரும் வற்புறுத்தக்கூடாது.

பிரஜா உரிமைக்காகவோ சொத்துக்காகவோ ஒரு எழுத்தை மாற்றித் தரும்படி எந்தக் குருவையும் உபதேசியாரையும் கேளாதீர்கள். ஒரு எழுத்து பொய்யானால் அந்த ஏட்டிலுள்ள ஆயிரம் பெயரும் சந்தேகத்துக்குள்ளாகும். அவ்விதமே, தூரத்திலிருந்து அழுதுகொண்டு வந்தவரைத் தேற்றுவதாக எண்ணி, ஏதோ ஒரு மேட்டைக் காட்டி "இதுதான்" என்று சொல்லவும் வேண்டாம். அவர் அந்த மண்ணை முடிந்துகொண்டு போய்த் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவார். பொய்யை அவர் குடும்பத்துக்கு முதுசொமாகக் கொடுத்தவர்களாவோம். "இந்தத் தோட்டத்தில் அடங்கியிருக்கிறார், இடம் தெரியவில்லை" என்று சொல்லி, அவரோடு முழந்தாளிட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அது மெய், அதுவே போதும்.

8. கிடைக்காவிட்டால்

எல்லா முயற்சியும் செய்து கிடைக்காமற்போகிறவர்களும் உண்டு. கப்பலில் இறந்து கடலில் விடப்பட்டவர்களுக்கும், கரும்புத் தோட்டத்து ஓரத்தில் புதைந்தவர்களுக்கும் கல் கிடையாது. வெகு காலத்துக் கதையென்று நினைக்க வேண்டாம். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்தபோது, நம் கரையோரத்தில் எத்தனையோ பேர் பெயர் தெரியாமலே சேர்ந்து அடக்கம் செய்யப்பட்டதை நம் கண்ணால் கண்டோம்.

மோயீசனுடைய கல்லறை எங்கேயென்று எவனும் அறியான் என்று வேதாகமம் சொல்லுகிறது. அதனால் மோயீசன் மறக்கப்பட்டாரோ? யாகோபின் மகன் சூசையின் எலும்புகளை அவருடைய ஜனம் எகிப்திலிருந்து சுமந்துகொண்டு வந்தது. மோயீசனையோ சர்வேசுரன் தாமே அடக்கினார். கல்லறை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே பலிபூசைதான் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஆகையால் தேடிக் காணாதவர்கள், கண்டவரை ஒரு தாளில் எழுதி, காணாதவருடைய பெயரையும் அதன்கீழ் எழுதி, குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள்.

பங்கு மக்கள் இம்மாதத்தில் செய்யவேண்டிய காரியம் மூன்று. வீட்டிலுள்ள பழைய ஞானஸ்நானச் சீட்டு, நொத்தேர் பத்திரம், பென்சன் புத்தகம், சாவோலை எதையும் பழைய காகிதக்காரனுக்குப் போடாதீர்கள்; அவற்றைப் படமெடுத்து, மூலத்தை ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். வீட்டில் மூத்தவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து, தெரிந்த பெயர்களையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தாருடைய கல்லறையில் எழுத்து மங்கியிருந்தால், இன்னார் என்று இன்றைக்கே தெளிவாக எழுதிவையுங்கள். கல் வைக்க வசதியில்லாதவர்கள், தோட்ட வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை, எத்தனையாவது குழி என்று குறித்துக் கோவிலில் கொடுத்தால் அதை மரண ஏட்டோடு சேர்த்து வைப்போம். ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேரப்பிள்ளை எந்தத் தேசத்திலிருந்து வந்து உங்களைத் தேடுமோ, யார் அறிவார்?